தட்டிப் பார்த்து வாங்கிய உருக்கு

ஒரு வேலையில் உண்மையாகவே கெட்டிக்காரனாக இருக்கிற இளைஞனைப் போல ஆபத்தானவன் உலகத்தில் இல்லை. ஒன்றுமே தெரியாதவன் பயந்து பயந்து நாலு பேரைக் கேட்டுக்கொண்டு நடப்பான். ஒன்று தெரிந்தவனோ அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பான். நான் இரண்டாவது ரகம். எனக்குத் தெரிந்த அந்த ஒன்று, பலாப்பழம்.

கொல்லிமலையில், அதுவும் வளப்பூர் நாட்டில் (மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம்) பிறந்தவனுக்குப் பலாப்பழம் தெரிவது ஒரு பெருமையா என்று கேட்பீர்கள். பெருமைதான்! வெட்ட வேண்டாம், முகர வேண்டாம். விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டினால் போதும். இது நாளைக்குப் பழுக்கும், இது இன்னும் பச்சைக்காய், இதற்குள் சுளையைவிடச் சக்கைதான் அதிகம் என்று சொல்லிவிடுவேன். சோளக்காட்டுச் சந்தையில் மூட்டை கட்டுகிற வியாபாரிகள்கூட, "பொன்னுசாமி, இதை ஒரு தட்டுத் தட்டிட்டுப் போ சாமி" என்று கூப்பிடுவார்கள். நான் உடனே தட்ட மாட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டு, கண்ணை மூடி, காதைச் சாய்த்து, அப்புறம்தான் தட்டுவேன். (அந்தக் கண்ணை மூடுகிற வேலை தேவையே இல்லை. ஆனால் பெண்கள் பார்ப்பார்கள்.)

இப்படிப்பட்டவனை இரும்பு வாங்க அனுப்பினார்கள்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. மலைக்கு ரோடு கிடையாது. அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதைதான். உப்பு, துணி, மண்ணெண்ணெய் எல்லாம் தலைச்சுமையாகத்தான் மேலே வரும். அந்தப் பாதையில் ஒரு நாள் இரும்புத் தகடுகள் ஏறி வந்தன. ஒவ்வொரு தகட்டுக்கும் நாலு ஆள். முன்னே இரண்டு பேர், பின்னே இரண்டு பேர், வழியெல்லாம் ஆளுக்கொரு வசவு. எங்கள் ஊருக்குப் பக்கத்துக் காப்பித் தோட்டத்து முதலாளி, காப்பிப் பழம் கழுவ ஒரு பெரிய இரும்புத் தொட்டி வேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டார். முழுத் தொட்டியை மலையேற்ற முடியாது. அதனால் தகடு தகடாகக் கொண்டுவந்து, மேலேயே ரிவிட் அடித்துப் பூட்டுவதாக ஏற்பாடு. அந்த வேலைக்குச் சேலத்திலிருந்து மாணிக்கம் மேஸ்திரி வந்தார். அவருக்கு ஒத்தாசைக்கு என்று என்னை எடுத்துக்கொண்டார்கள்.

ரிவிட் அடிப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. பார்க்காவிட்டால் வாழ்க்கையில் பாதி போயிற்று! கட்டைவிரல் தடிமனில் ஓர் இரும்புத் துண்டு. ஒரு பக்கம் குமிழ்த்தலை, மறுபக்கம் வால். அதை உலையில் போட்டுச் செக்கச்செவேலென்று காய்ச்சி, இடுக்கியால் எடுத்து, இரண்டு தகட்டுக்கும் பொதுவாக இருக்கிற ஓட்டையில் நுழைப்பார்கள். தொட்டிக்குள்ளே ஒருவன் ரிவிட்டின் குமிழ்த்தலைக்கு முட்டுக் கொடுத்துப் பிடிப்பான். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற வாலைச் சம்மட்டியால் நசுக்கி, அதன் மேல் ஸ்னாப்பை வைத்து நாலு போடு போட்டால் இந்தப் பக்கமும் உருண்டையாகத் தலை வந்துவிடும். ஸ்னாப் என்பது ஓர் உருக்குக் கட்டை. முனையில் சின்னக் கிண்ணம்போலக் குழி இருக்கும், அவ்வளவுதான். ரிவிட் ஆறும்போது சுருங்கும். சுருங்கச் சுருங்க இரண்டு தகடும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இதை முதன்முதலில் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நெருப்பை வைத்து இரும்பைத் தைக்கிறார்கள்! இனி என் பிழைப்பு இதுதான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

இந்த முடிவில் ஒருவருக்குத்தான் சம்மதமில்லை. அவர் என் தாய்மாமன். திருப்புலி நாட்டில் சாமைக்காடும் மிளகுக்கொடியுமாக நன்றாக இருப்பவர். அவருடைய மகள் செல்லம்மாள் எனக்கு முறைப்பெண். அவளைத்தான் கட்டிக்கொள்வது என்று நான் மீசை முளைப்பதற்கு முன்பே தீர்மானித்திருந்தேன். ஆனால் மிளகுத் தோட்டம் உள்ள வேறொரு வீட்டிலிருந்தும் அவளைக் கேட்டு வந்திருந்தார்கள்.

"மண்ணை உட்டுட்டு இரும்பைக் கட்டிட்டு அழுவுறவனுக்கு எப்படிப் பொண்ணைக் குடுக்கறது?" என்றார் மாமன். என் அம்மா அழுது பார்த்தாள். கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார்: "சரி மாப்ளே, தொட்டியில தண்ணி உடற அன்னிக்கு நானே வாரேன். செல்லத்தையும் கூட்டிட்டு வாரேன். தண்ணி நின்னுச்சுன்னா அங்கயே வெத்தலை பாக்கு மாத்திக்கலாம். நிக்கலீன்னா அந்த மிளகுத் தோட்டத்துக்காரங்களுக்குச் சொல்லி உட்டுருவேன்."

எனக்கு ஒரே குஷி. தண்ணீர் நிற்காமல் எங்கே போகும்? மேஸ்திரி இருக்கிறார், நெருப்பு இருக்கிறது, நான் இருக்கிறேன்!

விதி பாருங்கள், தொட்டி பாதி எழும்பியிருந்தபோது ஒரு தகடு சரிந்து மேஸ்திரியின் பாதத்தில் விழுந்தது. கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. அதே வாரம், இருந்த ஒரே ஸ்னாப்பின் வாயும் உழைத்து உழைத்து விரிந்துபோயிற்று. மேஸ்திரி கட்டிலில் படுத்தபடியே என்னைக் கூப்பிட்டு, பழைய ஸ்னாப்பைக் கையில் கொடுத்தார்.

"சேலத்துக்குப் போ. இதைக் காட்டி, சிவந்த இரும்பு மேல அடிக்கிற ஸ்னாப்புன்னு கேளு. கடைக்காரர் குடுக்கறதை வாங்கிட்டு வா. நீயா எதுவும் யோசிக்காதே."

கடைசி வாக்கியத்தை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னதால்தான் எனக்கு யோசனை வந்தது.

மலையிறங்கி, நடந்து, பஸ் பிடித்துச் சேலம் போய்ச் சேர்ந்தேன். கடைவீதியில் இரும்புக்கடையைப் பார்த்ததும் மேஸ்திரி, மாமன், செல்லம்மாள் எல்லோரும் மறந்துபோனார்கள். அரங்கள், உளிகள், சம்மட்டிகள், என்னவென்றே தெரியாத பல்சக்கரங்கள்! திருவிழாக் கடைக்குள் புகுந்த குழந்தையாக ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கடைக்காரர் பழைய ஸ்னாப்பை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். கறுப்பாக, மங்கலாக, அடுப்பங்கரையில் கிடந்ததுபோல இருந்தது.

"இதுதான் தம்பி."

பக்கத்திலேயே கண்ணாடிப் பலகையில் இன்னொரு ஸ்னாப் இருந்தது. அதே அளவு, அதே குழி. ஆனால் பளபளவென்று முகம் பார்க்கலாம் போல இருந்தது. நான் துண்டை உதறித் தோளில் போட்டேன். கண்ணை மூடினேன். காதைச் சாய்த்தேன். விரலை மடக்கி முதலில் கறுப்பைத் தட்டினேன். 'தொக்' என்றது. பளபளப்பைத் தட்டினேன். 'ணிங்' என்றது!

"என்ன தம்பி பண்றே?" என்றார் கடைக்காரர்.

"தரம் பார்க்கறனுங்க."

(ணிங்கென்று சத்தம் வருவதற்கும் தரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கறுப்பை அவர் வைத்தது ஒரு சாக்கின் மேல், பளபளப்பு இருந்தது கண்ணாடிப் பலகையின் மேல். இது எனக்கு விளங்கப் பல வருஷம் ஆயிற்று.)

அதோடு விட்டேனா? மேஜை மேல் கிடந்த அரத்தை எடுத்து இரண்டையும் ஓர் இழு இழுத்தேன். பளபளப்பின் மேல் அரம் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு கீறல்கூட விழவில்லை. கறுப்பின் மேல் மெல்லியதாக ஒரு கோடு விழுந்தது. எனக்கு வெற்றிச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏனுங்க, மலைக்காரன்னு ஏமாத்தப் பார்க்கறீங்களா? இது மெதுவா இருக்குதே!"

"தம்பி, அது நெருப்புக்கு உண்டானது. வேணும்னே அந்தப் பதத்துல வெச்சிருக்குது. நீ கையில வெச்சிருக்கறது காய்ச்சாத பச்சை இரும்புல, சின்ன ஆணிக்கு அடிக்கறது. சூட்டுல நிக்காது."

"கெட்டியா இருக்கறது எங்கயும் கெட்டியாத்தானுங்க இருக்கும்" என்றேன்.

என்ன தத்துவம்! அந்தச் சமயம் கடையில் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். கடைக்காரர் என்னை ஒரு தடவை பார்த்தார். இவனோடு பேசிப் பயனில்லை என்று பளபளப்பைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டார். மலையேறும் வழியெல்லாம் அதை மடியிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். செல்லம்மாள் கழுத்தில் கட்டப்போகிற தாலியையே கொண்டுவருவதுபோல அவ்வளவு சந்தோஷம்.

மேஸ்திரிக்கு அன்று காய்ச்சல். கண்ணைத் திறக்காமலே, "கடைக்காரர் குடுத்ததுதானே?" என்றார். "அவர் கையால குடுத்ததுதானுங்க" என்றேன். பொய் இல்லை.

மறுநாள் வேலை ஆரம்பம். சம்மட்டி அடிக்கக் குப்பண்ணன் என்ற ஆள் இருந்தார். நான் எதைச் சொன்னாலும் "ஆமாங்க" என்பார். அதனாலேயே அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். உள்ளே முட்டுக் கொடுக்க ஓர் ஆள், உலை ஊத ஓர் ஆள், நடுவில் மேஸ்திரிபோல நான். முதல் ரிவிட் விழுந்தது. அடடா! முத்துப் போல உருண்டையாக ஒரு தலை. இரண்டாவதும் முத்து. மூன்றாவதும் முத்து. நான் குதித்தேன். குப்பண்ணன் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு அவரும் குதித்தார்.

கொஞ்ச நேரத்தில் முத்து கொஞ்சம் சப்பையானது. அதற்கப்புறம் வந்தது முந்திரிக்கொட்டைபோல ஒருபக்கம் இழுத்துக்கொண்டது. அடுத்தது தோசைபோல ஓரமெல்லாம் விரிந்தது. ஸ்னாப்பை எடுத்துப் பார்த்தால் முனை நீலமும் ஊதாவுமாக நிறம் மாறியிருந்தது. (அழகாகத்தான் இருந்தது, மயில் கழுத்து மாதிரி.)

"குழி அகலமாவுற மாதிரி இருக்குதுங்களே" என்றார் குப்பண்ணன். அவர் என் பேச்சுக்கு மேல் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"சூடாயிருச்சு, அவ்வளவுதான். ஆத்திக்கலாம்" என்று சொல்லி, பக்கத்தில் இருந்த தண்ணீர்ப் பானையில் முக்கினேன். 'சொய்ங்' என்று ஆவி எழும்பியது. இனி ஒவ்வொரு அடிக்கும் ஒரு முக்கு என்று சட்டம் போட்டேன். சுடு, முக்கு, சுடு, முக்கு. பானையில் தண்ணீர் கொதிக்கிற அளவுக்கு முக்கினோம். பிறகு ஓர் அடியில் 'படார்' என்று ஒரு சத்தம்! ஸ்னாப்பின் வாயோரத்திலிருந்து ஒரு சில்லு பிய்த்துக்கொண்டு என் காதோரமாகப் பறந்துபோய், பின்னால் இருந்த பலாமரத்தில் ஒரு காயில் குத்தி நின்றது. காயிலிருந்து பால் வடிந்தது. நாங்கள் எல்லோரும் கொஞ்ச நேரம் அந்தக் காயையே பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்சம் இந்தப் பக்கம் வந்திருந்தால் செல்லம்மாளுக்குக் கவலையே இருந்திருக்காது. நேராக மிளகுத் தோட்டத்துக்குப் போயிருப்பாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் உருக்குப் பேச அனுமதிக்க வேண்டும். பிற்பாடு என் வாழ்நாள் முழுக்க இதுதான் சோறு போட்டது. பேசாவிட்டால் தலை வெடித்துவிடும். நான் வாங்கியது சாதாரணக் கரி உருக்கு. சூடு படாமல் பச்சையாக இருக்கும்வரை அது ராஜா. அரம்கூடத் தொட முடியாது. ஆனால் அந்தக் கடினம் அதற்குச் சூட்டிலிருந்து சட்டென்று குளிர்வித்துக் கொடுத்த கடினம். மறுபடி சூடு பட்டால் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விடும். சிவந்த ரிவிட்டை முத்தமிட்டு முத்தமிட்டு என் ராஜா வெல்லக்கட்டியாகிவிட்டார். கறுப்பு ஸ்னாப்போ டங்ஸ்டனும் குரோமியமும் கலந்தது. பார்க்க அப்பாவி. ஆனால் முனை கனலுகிற சூட்டிலும் தன் பலத்தை விடாது! அதுதான் சூட்டு வேலைக்கான உருக்கின் முதல் குணம். இரண்டாவது குணம், சம்மட்டி அடி வாங்கினாலும் தெறிக்காமல் தாங்குவது. அதற்காகத்தான் கடினத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அந்தப் பதத்தில் வைத்திருந்தார்கள். அரம் போட்ட அந்த மெல்லிய கோடு குறையே இல்லை, அதுதான் லட்சணம்! மூன்றாவது, சுட்டு ஆறி, சுட்டு ஆறி என்று மாறி மாறி வந்தாலும் கோடைக்காலத்து வயல்போல வெடிப்பு விடாமல் இருப்பது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. சூடேறிய உருக்கைத் தண்ணீரில் முக்கினால் எந்த உருக்கும் அழும். நான் ஒரு நாள் முழுக்க முக்கினேன்.

ஆனால் அன்றைக்கு இதெல்லாம் யாருக்குத் தெரியும்? உடைந்த வாயோடேயே மீதி ரிவிட்டையும் அடித்து முடித்தோம். தொட்டியின் கீழ்ப்பாதி மேஸ்திரி அடித்தது, வரிசையாக முத்து. மேல்பாதி நாங்கள் அடித்தது. வெளிச்சத்துக்கு நேராகப் பார்த்தால் சில இடங்களில் தகடுகளுக்கு நடுவே ஒரு நூல் அளவு வானம் தெரிந்தது.

அதற்கும் என்னிடம் மருந்து இருந்தது. எங்கள் மலையில் பானை ஓட்டையானால் பலாப்பாலைக் காய்ச்சி அடைப்போம், கல்லுப்போலப் பிடித்துக்கொள்ளும். தோட்டத்துப் பலாமரங்களை எல்லாம் கீறிப் பால் எடுத்துக் காய்ச்சி, இடுக்கு இடுக்காக அடைத்து, மேலே தார் பூசினேன். எட்ட நின்று பார்த்தால் கப்பல் மாதிரி இருந்தது. பானைக்குப் போதுமானது பெருந்தொட்டிக்குப் போதாதே என்று ஒரு நிமிஷம்கூட எனக்குத் தோன்றவில்லை.

தண்ணீர் விடுகிற நாள் வந்தது. தோரணம், தேங்காய், மாலை, மேளம். முதலாளி ஜரிகைத் தலைப்பாகையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மேஸ்திரி தடியை ஊன்றிக்கொண்டு வந்து தொட்டியைப் பார்த்தார், தாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எதுக்குடா இவ்வளவு தார்?" என்றார். "அழகுக்குங்க" என்றேன்.

மாமன் வந்தார். பின்னால் பச்சைச் சேலையில் செல்லம்மாள். அவள் என்னைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான், எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மாமன் தொட்டியை ஒட்டியே போய் நின்று, வெற்றிலைத் தட்டைத் தயாராகக் கையில் வைத்துக்கொண்டார். "நல்லாத்தான் இருக்குது மாப்ளே" என்றார். அந்தச் சொல் என் காதில் இன்னும் இருக்கிறது, ஏனென்றால் அன்றைக்கு அவர் என்னைப் பாராட்டியது அது ஒன்றுதான்.

மேட்டில் ஓடுகிற ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் தொட்டிக்குள் திருப்பினார்கள். மேளம் முழங்கியது. தண்ணீர் ஏறியது. மேஸ்திரி அடித்த பாதிவரை ஒரு சொட்டுக் கசிவு இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். அதற்கும் மேலே ஏறியது.

முதலில் ஒரே ஒரு சொட்டு. நான் மட்டும்தான் பார்த்தேன். மெதுவாக நகர்ந்து போய் முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் என் தலைக்கு மேலே 'டப்' என்று ஒரு சத்தம். தோசை ரிவிட் ஒன்று தாரோடும் பலாப்பாலோடும் பிய்த்துக்கொண்டு மேளக்காரரின் மடியில் விழுந்தது. பின்னாலேயே ஒரு பீச்சல். அந்தப் பீச்சல் நேராகப் போய் முதலாளியின் ஜரிகைத் தலைப்பாகையில் இறங்கியது.

அதற்கப்புறம் எண்ண நேரமில்லை. ஆளுக்கொரு பீச்சலாகத் தொட்டி பங்கு வைத்துக் கொடுத்தது. மாமனின் வெற்றிலைத் தட்டில் ஒன்று, தேங்காய்த் தட்டில் ஒன்று, மேளத்தின் மேல் ஒன்று. நனைந்த மேளம் 'தொப் தொப்' என்றது. ஆனால் மேளக்காரர் நிறுத்தவில்லை, யாரும் நிறுத்தச் சொல்லவில்லையாம். குழந்தைகள் சந்தோஷத்தில் அலறிக்கொண்டு பீச்சலுக்குள் ஓடின. குளித்துவிட்டு வந்தவர்கள் எல்லாம் இன்னொரு தடவை குளித்தார்கள்.

எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஓடிப்போய் ஓர் ஓட்டையில் விரலை வைத்தேன். பக்கத்தில் இன்னொன்று. அதிலும் ஒரு விரல். அதற்கடுத்து இன்னொன்று. பத்து விரலும் தீர்ந்தது. நெற்றியால் ஒன்றை அடைத்தேன். முழங்காலால் ஒன்று. "குப்பண்ணா, வாங்க!" என்று கத்தினேன். "ஆமாங்க" என்றபடி அவர் எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்தார். பல்லி மாதிரித் தொட்டியில் ஒட்டிக்கொண்டு நின்றேன். நான் அடைத்த ஓட்டையின் தண்ணீரெல்லாம் என் சட்டைக்குள்ளே போய் வேட்டி வழியாக வந்தது.

திடீரென்று தண்ணீரின் வேகம் குறைந்தது. திரும்பிப் பார்த்தால், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மண்வெட்டியோடு வாய்க்காலின் கரையை வெட்டித் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டிருந்தாள் செல்லம்மாள். அங்கே இருந்த அத்தனை பேரில் அந்த யோசனை அவள் ஒருத்திக்குத்தான் வந்தது. திருப்பிவிட்டு, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். (இல்லையாம். லேசாகத்தான் சிரித்தாளாம். நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு இப்போதுதான் சொல்லிவிட்டுப் போகிறாள்.)

அவமானத்தில் நான் செத்திருக்க வேண்டும். நியாயப்படி மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும். ஆனால் அப்போது எனக்குள் ஒரு சந்தேகம் அரித்தது. கீழே கிடந்த ஸ்னாப்பை எடுத்தேன். மேஸ்திரியின் கருவிகளிலிருந்து அரத்தை எடுத்து ஓர் இழு இழுத்தேன். சேலத்தில் அரம் வழுக்கி ஓடிய அதே முனையில், சர்ரென்று வெட்டிக்கொண்டு உள்ளே போனது! தூள் கொட்டியது! எனக்குப் புல்லரித்துவிட்டது.

"மாமா! இங்க பாருங்க மாமா! கடையில கீறவே முடியலீங்க, இப்ப பாருங்க! சூடு இதைத் தின்னுருச்சுங்க! இந்த அரத்தைப் புடிச்சு நீங்களே இழுத்துப் பாருங்க!" என்று தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்து நின்ற மனுஷனின் கையில் அரத்தைத் திணித்தேன்.

மாமன் அரத்தைப் பார்த்தார். "பையனுக்குப் புத்தி பிசகிப்போச்சு" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னார். அப்புறம் மகள் பக்கம் திரும்பினார். "வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம். அந்த மிளகுத் தோட்டத்துக்காரங்களுக்கு நாளைக்கே சொல்லி உட்டுரலாம்."

அப்போதுதான், அந்த நொடியில்தான், நான் எதை இழந்து நிற்கிறேன் என்பது முழுதாக உறைத்தது. தொட்டி போனால் போகட்டும், வேலை போனால் போகட்டும். செல்லம்மாள் போகிறாளே!

செல்லம்மாள் நகரவில்லை.

"நான் வரலீங்கப்பா" என்றாள். "தண்ணி பீச்சுனதும் எல்லாரும் ஓடிப்போயிட்டீங்க. நீங்களும்தான் ஓடுனீங்க. அவுங்க ஒருத்தருதான் பத்து வெரலையும் வெச்சு அடைச்சுக்கிட்டு நின்னாங்க. அடைக்கத் தெரியலீன்னாலும் உட்டுட்டுப் போகலீங்களே. மிளகுத் தோட்டத்துக்காரரு நிப்பாருன்னு உங்களால சொல்ல முடியுங்களா?"

மாமன் தன் தலைப்பாகையைப் பிழிந்தார். பிழிந்து முடித்து, உதறி, மறுபடி கட்டினார்.

"தொட்டியில தண்ணி நிக்கோணும்" என்றார் கடைசியில். "அதுல மாத்தமில்லை. ஆனா இன்னொரு தடவை வந்து பார்க்கறேன்."

முதலாளிக்கும் வேறு வழியில்லை. காப்பிப் பழம் பறிக்கிற காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரி தடியைத் தரையில் தட்டித் தட்டி, இங்கே எழுத முடியாத சொற்களால் என் பரம்பரையை வாழ்த்திவிட்டு, "நாளைக்கே கிளம்பு. இந்தத் தடவை கையால தட்டாதே, வாயால கேளு" என்றார்.

கேட்டேன்! கடைக்காரர் ஓடி ஒளிகிற அளவுக்குக் கேட்டேன். இது எவ்வளவு சூடு தாங்கும், எவ்வளவு அடி தாங்கும், எப்படி ஆற வைக்கணும், ஏன் கறுப்பா இருக்குது என்று விடாமல் கேட்டேன். அவர் சொன்னதை இன்றைக்கும் மறக்கவில்லை. கருவியை வாங்கும்போது எது நல்ல உருக்கு என்று கேட்கக் கூடாதாம். அது என்ன வேலை செய்யப்போகிறது, எவ்வளவு நேரம் சூட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும், எவ்வளவு பலமாக அடி விழும், எப்படி ஆறும் என்று வேலையைத்தான் முதலில் சொல்ல வேண்டுமாம். கறுப்பு ஸ்னாப் இரண்டு வாங்கினேன். ஒன்று வேலை செய்யும்போது மற்றது காற்றில் ஆறும். அடிக்கும் முன்பு உலையோரத்தில் வைத்து லேசாக வெதுவெதுப்பாக்கிக்கொண்டேன். தண்ணீர்ப் பானையைப் பக்கத்திலேயே விடவில்லை. அதைக் குப்பண்ணன் தலையில் வைத்து அனுப்பிவிட்டேன்.

பழைய தலைகளை எல்லாம் உளியால் வெட்டியெறிந்து, மேல்பாதி முழுவதையும் மறுபடி அடித்தோம். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை முத்து! அந்த மங்கல் கறுப்புப் பயல் கடைசி ரிவிட்டில் பதித்த குழி முதல் ரிவிட்டில் பதித்த மாதிரியே இருந்தது. நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். (ஆறிய பிறகுதான்.)

மாமன் இரண்டாவது தடவை வந்தபோது தொட்டியிலிருந்து வெகுதூரம் தள்ளி, குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் விளிம்புவரை ஏறியது. ஒரு சொட்டு இல்லை. அவர் குடையை மடக்க வெகு நேரம் ஆயிற்று. மடக்கியதும் வெற்றிலைத் தட்டை நீட்டினார்.

அப்புறம் மலையிறங்கி, கீழே ஒரு பட்டறையில் சேர்ந்து, சூட்டு வேலைக் கருவிகளுக்கு உருக்குப் பார்த்து எடுப்பதையே பிழைப்பாக்கிக்கொண்டேன். பெரிய மனிதர்கள்கூட என்னிடம் யோசனை கேட்டதுண்டு. ஆனால் வீட்டில் அந்த மரியாதை கிடையாது. எங்கள் குடும்பத்தில் பெண் பார்க்க யார் வந்தாலும், நிலம் எவ்வளவு, உத்தியோகம் என்ன என்று கேட்பதற்கு முன்னால், கையைக் காட்டச் சொல்வது வழக்கமாகிவிட்டது. பையன் ஒன்றும் புரியாமல் இரண்டு கையையும் நீட்டுவான். வீடே சிரிக்கும். அப்புறம் செல்லம்மாள் உட்கார்ந்து தொட்டிக் கதையை முதலிலிருந்து சொல்வாள். ஒவ்வொரு தடவையும் ஓட்டைகள் கூடிக்கொண்டே போகும்.

போன மாதம் பேத்தியைப் பார்க்க ஒரு பையன் வந்தான். அவனும் நீட்டினான். செல்லம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள். என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு பேத்தியிடம் சொன்னாள்: "உங்க தாத்தனோட வெரலைவிட மெலிசாத்தான் இருக்குது கண்ணு. சின்ன ஓட்டைக்குத்தான் ஆகும். ஆனா கையை இழுத்துக்கல பாரு, கட்டிக்கோ."